பிறந்த மகவின் மூச்சும் ஒலிவழி நோக்கும்

மண்ணுலகிற் பிறக்கும் ஒவ்வொரு மகவிற்கும் முதற்றொழில் மூச்சு வாங்குதலேயாம். தாய்வயிற்றில் இருந்த காலத்து அதற்கு அத்தொழில் வேண்டுவதின்று. வேண்டிய உயிர்க்காற்றைத் தாயின் குருதியினின்று நஞ்சும் கொப்பூழ்க்கொடியும் வாங்கித் தந்துகொண்டிருந்தன. அதன் நுரையீரலோ நீரால் நிறைந்திருந்தது. பிறந்த அளவில் அந்நீர் விலகி, அவ்விடத்தே காற்றுப் புகுந்து, எண்ணிறந்த நுண்ணறைகள் விரிந்து நிற்றல் வேண்டும். பல மாதங்கள் நீரில் வாழ்ந்த உயிர் சில நிமிடங்களிற் காற்றில் வாழக் கற்கின்றது. மாந்தர் வாழ்நாள் முழுதும் செய்யும் செயல்களுள் இதனினும் அரியது வேறொன்று உண்டோ என ஐயுறுகின்றோம்.

இவ்வரிய செயலிற் பல மகவுகள் இடர்ப்படுகின்றன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் பிறந்து ஒரு திங்கள் நிரம்பாமுன் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 23 இலட்சம். 2020-ஆம் ஆண்டில் உரிய காலத்திற்கு முன்னரே பிறந்த குறைமாதக் குழந்தைகளோ 1 கோடி 34 இலட்சம். இவற்றுள் மூச்சுத் திணறலாற் போராடுவன மிகப் பல. ஆதலின் பிறந்த குழந்தையின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் யாதெனக் காலந்தாழ்த்தாது அறியும் வழி எதுவோ, அது மருத்துவர்க்கு மட்டுமன்றி நம்மனோர் அனைவர்க்கும் உரிய பொருளேயாம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதிற் பேச உரிமை யாதென வினவுவார் உளராயின், ஊரார் பிள்ளையும் நம் பிள்ளையே என்று கருதும் எவர்க்கும் அவ்வுரிமை உண்டு என்பதே நம் விடை.

திணறலின் அடையாளங்கள் எளிதிற் காணத் தக்கன. நிமிடத்திற்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கும்; மூக்கின் மடல்கள் விரியும்; விலாவெலும்புகளின் இடையே தசை உள்வாங்கும்; மூச்சு விடுந்தோறும் முனகல் எழும்; சிலபோது உடல் நீலம் பாரிக்கும். கண்டவுடன் தாயும் அறிவாள், செவிலியும் அறிவாள். ஆயின் இவ்வடையாளங்கள் ஒன்றாயிருப்பினும் இவற்றைத் தோற்றுவிக்கும் நோய்கள் பலவாம் என்பதே இடர்ப்பாடு.

முதலாவது, குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் நுண்ணறைகளின் உட்புறத்தே பூசியிருக்க வேண்டிய சர்பாக்டன்ட் என்னும் பொருள் போதாமையால், அறைகள் மூச்சு விடுந்தோறும் ஒட்டிக்கொள்ளும் நோய். இரண்டாவது, கருப்பையிலிருந்த நீர் நுரையீரலை விட்டு விரைவில் நீங்காமையாற் சிறிது காலம் உண்டாகும் திணறல். பேற்றுநோவு தொடங்குமுன்னே வயிறு கீறி எடுக்கப்பெற்ற குழந்தைகளிடத்து இது மிகுதியாகக் காணப்படும். மூன்றாவது, கிருமிகளால் வரும் நிமோனியா. நான்காவது, வயிற்றினுள்ளேயே கழித்த முதன்மலம் கலந்த நீரை மகவு மூச்சுக்குழலில் உறிஞ்சுதலால் வரும் கேடு. ஐந்தாவது, நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறையிற் காற்றுக் கசிந்து தேங்கி நுரையீரலை நெருக்குதல்.

நோய் வேறாதலின் மருந்தும் வேறு. முதலாவதற்குச் சர்பாக்டன்டை மூச்சுக்குழல் வழியே செலுத்துதல் வேண்டும்; அதனையும் முற்படச் செலுத்துதலே நலம். இரண்டாவது பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தானே தணியும். உறுதுணையாகக் காற்றளித்துக் காத்திருத்தலே அமையும். மூன்றாவதற்குக் கிருமிக்கொல்லி மருந்து வேண்டும். ஐந்தாவது கடுமையாயின் ஊசியாற் காற்றை வெளியேற்றினன்றி உயிர் நில்லாது. ஒன்றற்குரியதை மற்றொன்றற்குச் செய்தலும், எதுவுஞ் செய்யாது எக்ஸ்ரே படம் வரட்டுமென்று காத்திருத்தலும் ஆகிய இரண்டும் தீங்கே.

நோயின் காரணம் அறியப்படாத காலத்து நேர்ந்த இழப்புக்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க நாட்டுத் தலைவர் கென்னடிக்குப் பாட்ரிக் என்னும் மகன் குறைமாதத்திற் பிறந்து, இரண்டு நாள் நிரம்பாமுன் மேற்கூறிய முதல் நோயால் இறந்தான். ஒரு பேரரசின் செல்வமும் மருத்துவரும் அம்மகவைக் காத்திலர். சர்பாக்டன்ட் குறைவே அந்நோயின் காரணம் என்பதனை மேரி எல்லென் ஏவரி, ஜியர் மீட் என்னும் இருவர் 1959-ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர். ஆயினும் அப்பொருளைக் குழந்தைக்கு ஊட்டிப் பயன் கண்டது 1980-ஆம் ஆண்டிலேதான். ஜப்பானியராகிய புஜிவாரா பசுவின் நுரையீரலினின்று ஆக்கிய மருந்தைப் பத்துக் குழந்தைகட்கு அளித்து அதனை நிறுவினார். காரணம் அறிதற்கும் மருந்து காண்டற்கும் இடையே இருபத்தோராண்டுகள் சென்றன. இன்று மருந்து உண்டு. விலை மிக்கதாயினும் கிடைக்கின்றது. இப்போது வேண்டுவது, எந்த மகவிற்கு, எந்த மணியில் என்னும் தெளிவேயாம். அத்தெளிவைத் தரத்தக்கது நுரையீரலை ஒலியால் நோக்கும் முறை என்பதும், அது மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மகவின் தொட்டிலருகே வருதல் வேண்டுமென்பதும் நம் கருத்து.

நோயை ஒலியால் அறிதல் மருத்துவத்திற்குப் புதிதன்று. வியன்னா நகரத்து மருத்துவரும் விடுதிக்காரர் ஒருவரின் மைந்தருமாகிய அவன்புருக்கர் என்பார், நோயாளரின் மார்பை விரலாற் றட்டி எழும் ஓசையால் உள்ளிருப்பது நீரோ காற்றோ என அறியும் முறையை 1761-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1816-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து லேனெக் என்பார் தாளைக் குழலாகச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டார். அதுவே இன்று மருத்துவர் கழுத்திற் றொங்கும் ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம். 1895-இல் ரோண்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டபின் செவியின் தொழிலைக் கண் மேற்கொண்டது. 1958-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து இயான் டானல்டும் அவர்தம் நண்பரும், உலோகத்திலுள்ள வெடிப்பை அறிய ஆலைகளில் வழங்கிய கருவியின் துணைகொண்டு, செவிக்கெட்டா ஒலியால் வயிற்றினுள் இருக்கும் கட்டிகளைக் கண்டு எழுதினர். மக்கள் ஸ்கேன் என்று வழங்குவதன் வரலாறு இதுவே.

ஆயினும் நெடுங்காலம் நுரையீரல் மட்டும் இக்கருவிக்கு விலக்கப்பட்ட இடமாகவே இருந்தது. ஒலியலை தசையினின்று காற்றினை அடைந்தவுடன் பெரும்பாலும் திரும்பிவிடும். காற்று நிறைந்த உறுப்பினுள் அது புகாது. புகாத இடத்தை எங்ஙனம் காண்பது என்று நூலோர் கைவிட்டனர். இவ்வெண்ணத்தை மாற்றியவருள் தலையாயவர் பிரெஞ்சு மருத்துவராகிய தானியேல் லிக்டன்ஸ்டைன். 1997-ஆம் ஆண்டில் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை, நுரையீரலில் நீர் மிகுமிடத்துத் திரையில் வால்மீனின் வால் போன்ற ஒளிக்கோடுகள் செங்குத்தாக இறங்கும் என்று காட்டியது.

இக்கோடுகள் உண்மையில் அங்கே உள்ள பொருளல்ல. ஒலி காற்றோடும் நீரோடும் மோதி அலைக்கழிதலால் எழும் போலித் தோற்றங்கள். அப்போலியையே மெய்யறிதற்குக் கருவியாகக் கொண்டதே இக்கலையின் நுட்பம். உள்ளுறையுவமத்திற் சொல்லிய பொருளைக் கொண்டு சொல்லாத பொருளை உய்த்துணரப் பயின்ற மாணவர்க்கு இது விளங்குதல் அரிதன்று.

நலமுடைய நுரையீரலில், அதனைப் போர்த்திய சவ்வு மெல்லிய ஒளிக்கோடாகத் தோன்றி, மூச்சுதோறும் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும். அதன் கீழே அக்கோட்டின் எதிரொளிகள் படிப்படியாகக் கிடையாக அமையும். சர்பாக்டன்ட் குறைந்த நுரையீரலிலோ செங்குத்துக் கோடுகள் மிக நெருங்கி இருபுறமும் வெண்மையாகும்; சவ்வின் கோடு தடித்து ஒழுங்கற்று நிற்கும். கருப்பை நீர் தங்கிய நுரையீரலிற் பலபோது கீழ்ப்பாகம் மிக வெளுத்தும் மேற்பாகம் அத்துணை வெளுப்பின்றியும் இருக்க, இடையே ஓர் எல்லை தெளிவாகத் தோன்றும். இவ்வெல்லையை 2007-ஆம் ஆண்டில் இத்தாலியராகிய கொப்பெத்தி, கத்தரோஸ்ஸி என்னும் இருவர் எடுத்துரைத்தனர். நெஞ்சறையிற் காற்றுத் தேங்கினால் அவ்விடத்து வழுக்கும் அசைவு மறையும். செங்குத்துக் கோடுகளும் இரா.

மேலும், பிறந்த மகவின் மார்பே இதற்கு மிக ஏற்ற இடம். பெரியோர்க்குள்ளது போலத் தடித்த கொழுப்பும் தசையும் அங்கில்லை. விலாவின் முற்பகுதி குருத்தெலும்பாக இருத்தலின் ஒலியைத் தடுப்பது குறைவு. மார்பு சிறிதாகலின் முழுதையும் சில நிமிடங்களிற் பார்த்துவிடலாம். குழந்தையைத் தொட்டிலினின்று எடுக்க வேண்டுவதில்லை. கதிரும் இல்லை. வேண்டும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் பார்க்கலாம். எக்ஸ்ரே ஒரு முறை எடுப்பதால் விளையும் கதிர்வீச்சு சிறிதே என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் பல நாள் மருத்துவமனையிற் கிடக்கும் குறைமாதக் குழந்தைக்கு அது பலமுறை எடுக்கப்படுகின்றது. நள்ளிரவிற் கருவியைக் கொணர்வாரும் படத்தை எடுப்பாரும் வருங்காறும் மகவின் மூச்சுக் காத்திராது.

இம்முறை நோயின் பெயரை மட்டுமன்றி அளவையும் காட்டவல்லது. 2015-ஆம் ஆண்டிற் பிரெஞ்சு மருத்துவர் சிலர், ஒவ்வொரு பக்கத்து நுரையீரலையும் மும்மூன்று பகுதியாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிட்டு, மொத்தம் 18-க்குள் ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண் மிகுந்த குறைமாதக் குழந்தைகட்கே சர்பாக்டன்ட் மிகுதியும் வேண்டியதென்று காட்டினர். 2020-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் குழந்தைத் தீவிர மருத்துவக் கழகத்தார் வெளியிட்ட நெறிமுறைகளும், நுரையீரல் நோய்களைப் பிரித்தறிதற்கு இம்முறை உதவும் என ஏற்றன. ஆகவே இது சிலரின் ஆர்வத்தால் மட்டும் நிற்கும் புதுமையன்று.

இனி, மறுப்போர் கூறுவனவற்றை நோக்குவாம். புதியதென்றாலே விரைந்து தழுவுதல் பெருந்தவறென்பர் சிலர். அவர் சொல் புறக்கணித்தற்குரியதன்று. 1940-ஆம் ஆண்டுகளிற் குறைமாதக் குழந்தைகட்கு உயிர்க்காற்றை வரையறையின்றி அளித்தனர். நலஞ்செய்கின்றோம் என்றே அளித்தனர். விளைந்ததோ, உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தமை. மெல்பர்ன் நகரத்துக் கேட் காம்பெல் என்னும் மருத்துவ மாது 1951-இல் ஐயத்தை எழுப்பியபின், அமெரிக்காவில் 1953, 1954-ஆம் ஆண்டுகளிற் பல மருத்துவமனைகள் கூடி முறையாக ஆராய்ந்த பின்னரே உண்மை நிலைபெற்றது. அன்பும் அவசரமும் சேர்ந்து எத்துணைத் தீங்கு செய்யும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

ஆயின் இச்சான்று நம் கொள்கைக்கு மாறாவதன்று. அதனைச் செய்தற்குரிய முறையையே கற்பிக்கின்றது. ஒலிவழி நோக்கு மருந்தன்று, அறியும் வழி. ஒலி குழந்தையைக் கெடுக்கும் என்று அஞ்சுதற்கு இடமில்லை. தவறாகப் படித்தலே அஞ்சத்தக்கது. நலமுடைய குழந்தைகளிடத்தும் பிறந்த முதற்சில மணிகளிற் செங்குத்துக் கோடுகள் காணப்படும். அதனை அறியாதான் நோயில்லாத மகவிற்கு நோய் கற்பிப்பான். மேலே கூறிய எல்லைக்கோடும் எல்லாக் குழந்தைகளிடத்தும் தவறாது தோன்றுவதன்று எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சவ்வினைத் தொடாது ஆழத்தில் இருக்கும் கேடு இதற்குப் புலனாகாது. உள்ளே செலுத்திய குழல்கள் எங்கே நிற்கின்றன என்பதையும், நெஞ்சும் வயிறும் முழுதாக எவ்வாறுள்ளன என்பதையும் அறிய எக்ஸ்ரேயே வேண்டப்படும். ஆகவே எக்ஸ்ரேயை ஒழிக்குமாறு நாம் கூறவில்லை. முதல் நோக்கு ஒலியால் ஆகுக. ஐயம் எஞ்சிய இடத்து எக்ஸ்ரே வருக என்பதே நம் வேண்டுகோள். கற்பவர் முதலில் வல்லார் ஒருவரின் மேற்பார்வையிற் பல குழந்தைகளைப் பார்த்து, தம் முடிபை எக்ஸ்ரேயோடும் நோயின் போக்கோடும் ஒப்பிட்டு, அவற்றையெல்லாம் ஏட்டில் வரைந்து வைத்தல் வேண்டும். கருவியை வாங்கி அலமாரியிற் பூட்டிவைத்தலும், பயிலாதவர் கையில் அதனைக் கொடுத்தலும் ஒரே வகைப் பேதைமையாம்.

கருவி வந்தால் மருத்துவரின் கண்ணும் கையும் மழுங்கும் என்பார் வேறு சிலர். 1956-ஆம் ஆண்டில் சில்வர்மன் முதலியோர் வகுத்த மதிப்பீடு, வெறுங்கண்ணாலும் செவியாலும் திணறலின் கடுமையை அளப்பது. அதற்கு இன்றும் மதிப்பு உண்டு. மகவை நன்கு பாராதவன் திரையையும் நன்கு பாரான். எனினும் கண் கூறுவது திணறல் எத்துணைக் கடிது என்பதே. அதன் காரணம் யாது என்பதற்குத் துணை வேண்டும். அத்துணையை மறுத்தலிற் பெருமை யாதும் இல்லை.

மூன்றாவது தடையே நம் நாட்டிற்குச் சிறப்பாக உரியது. அதனை நாம் மிகுந்த கவலையோடு எழுதுகின்றோம். கருவிலிருப்பது பெண்ணென்று இக்கருவியால் அறிந்து அழிக்கும் கொடுமை பெருகினமையால், 1994-ஆம் ஆண்டில் இந்திய அரசு அதனைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அது 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் திருத்தப்பெற்று வலிவடைந்தது. அதன்படி ஸ்கேன் கருவி வைத்திருக்கும் இடம் பதிவு பெறுதல் வேண்டும். எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவிகட்கும் கட்டுப்பாடு உண்டு. இக்கட்டுப்பாடு குழந்தை மருத்துவர்க்குத் தொல்லை தருகின்றது, ஆதலின் தளர்த்துக என்று கூறுவாரும் உளர்.

நாம் அங்ஙனம் கூறோம். பிறந்த பெண்மகவைக் கொல்லும் கொடுமையைத் தடுத்தற்பொருட்டு 1992-ஆம் ஆண்டிற் சேலத்தில் தொட்டிற் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்க வேண்டி வந்த நாடு இது. அந்நாட்டில் இச்சட்டத்தின் ஓர் ஓட்டை வழியே எத்தனை உயிர் போகும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறந்த மகவின் மார்பைப் பார்க்கும் முனை ஆழஞ் செல்லாதது. கருப்பையை நோக்குதற்கென அமைந்ததன்று. ஆயினும் அதனைக் காட்டிச் சட்டத்தை நெகிழ்த்துதல் ஆகாது. ஒரு மகவின் மூச்சைக் காத்தற்கு மற்றொரு மகவின் பிறப்பை விலையாகத் தருதல் அறமன்று.

ஆயின் சட்டத்தை மதித்தல் வேறு. சட்டத்தைச் சாக்காக்கி வாளாவிருத்தல் வேறு. மாவட்டந்தோறும் பச்சிளங்குழந்தைகட்கென அரசினரே நடத்தும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. அவற்றிற்கென ஒவ்வொரு கருவியை முறைப்படி பதிவுசெய்து, அப்பிரிவை விட்டு வெளியே செல்லாதவாறு காவல் செய்து, மார்பு நோக்கும் முனையை மட்டும் அளித்து, யார் எப்போது எக்குழந்தைக்குப் பயன்படுத்தினர் என்பதை எழுதிவைக்கச் செய்தல் அரசினர்க்கு அரிதோ? விண்ணப்பம் ஒரு மேசையினின்று மற்றொரு மேசைக்கு நகரும் திங்கள்களைக் குறைப்பதற்குச் சட்டத்தில் ஓரெழுத்தையும் மாற்ற வேண்டுவதில்லை. பெண்மகவைக் காத்தற்கு எழுந்த சட்டமும், எம்மகவையும் காத்தற்கு வந்த கருவியும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டும் ஒரே இரக்கத்தினின்று எழுந்தனவேயாம்.

இறுதியாகத் தமிழ் மாணவர்க்குரிய ஒரு கடமையைக் குறிக்க விரும்புகின்றோம். திணறும் மகவின் தொட்டிலருகே மருத்துவர் மட்டும் நிற்பதில்லை. ஒரு தாய் நிற்கின்றாள், ஒரு தந்தை நிற்கின்றான். திரையில் வெண்கோடுகளைக் காட்டி மருத்துவர் கூறுவது அவர்கட்கு விளங்குதல் வேண்டும். ஸ்கேன் என்றவுடன் வயிற்றிலுள்ள பிள்ளையையே நினைக்கும் பெற்றோர், பிறந்த பிள்ளைக்கு அது ஏன் என்று மருளுதல் இயல்பு. நுரையீரலில் நீர் தங்கியுள்ளது, அது தானே வடியும், அஞ்சற்க என்று அவர்தம் சொல்லிலேயே கூறுதற்கு வேண்டிய எளிய தமிழுரைகளை மருத்துவம் பயிலுவாரோடு கூடி ஆக்குதல் நம் போன்றோர் செய்யத்தக்க பணி. கடுஞ்சொற்களைப் புனைந்து அகராதியில் அடைத்தல் போதாது. கூலிவேலை செய்யும் தாய் ஒருமுறை கேட்டு உணருமாறு அமைதல் வேண்டும். எழுத்தோசை பிறத்தற்கு உந்தியினின்று எழும் வளியே முதல் எனத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். அவ்வளியின்றி மொழியில்லை, மொழியை ஓதும் நாம் அவ்வளிக்குப் போராடும் மகவின்பால் அயலார் அல்லேம்.

ஆதலின், மகவின் தொட்டிலருகே கருவி, அதனைக் கையாளப் பயின்ற கை, அதனைக் காக்கும் சட்டம், அதனை விளக்கும் தமிழ் ஆகிய நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் பயன் குறையும். முதன் மூன்றும் அரசினர்க்கும் மருத்துவர்க்கும் உரியன, நான்காவது நமக்குரியது. அவர் தம் பங்கைச் செய்யும்வரை நம் பங்கைத் தாழ்த்தாது தொடங்குதலே தக்கது என்பது நம் துணிபு.